மூணு எபிசோட் பாரும்மா!

“மூணு எபிசோட் வரைக்கும் பாரும்மா. அதுக்கப்புறம் திட்டு!”

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், போன கோடை விடுமுறையில் இப்படிச் சொல்லித்தான் என்னை டிவி முன்னால் உட்கார வைத்தாள். ‘புவெல்லா மேகி மடோகா மேஜிகா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர். ரோஸ் கலர் முடி, ரிப்பன், குட்டை கவுன், பூனை மாதிரி ஒரு வெள்ளைப் பிராணி. ‘இந்த வயசிலும் பொம்மைப் படமா?’ என்று நினைத்தபடி முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தேன்.

ஜப்பானில் இது ஒரு தனி ரகம். சாதாரணப் பள்ளி மாணவிக்கு மந்திர சக்தி கிடைக்கும். உருமாறி, தீய சக்திகளை அடித்து விரட்டுவாள். ‘சைலர் மூன்’ பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2011 ஜனவரியில் தொடங்கிய ‘மடோகா’வும் வெளித்தோற்றத்துக்கு அப்படித்தான். மொத்தம் 12 பகுதிகள். இயக்கம் அகியுகி ஷின்போ, கதை கென் உரோபுச்சி. ஜப்பானில் பின்னிரவில் ஒளிபரப்பினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. காரணமும் புரிந்தது.

அந்த வெள்ளைப் பிராணியின் பெயர் க்யூபே. “என்ன ஆசை வேண்டுமானாலும் ஒன்றைக் கேள், நிறைவேற்றுகிறேன். பதிலுக்கு, மந்திரப் பெண்ணாகி சூனியக்காரிகளோடு சண்டை போடு.” இதுதான் அதன் ஒப்பந்தம்.

மூன்றாவது பகுதி. மாமி என்றொரு பெண். நம்மூர் மாமி இல்லை, மடோகாவுக்கு ஒரு வகுப்பு மேலே படிப்பவள், பெயரே அதுதான்! துப்பாக்கியும் ரிப்பனுமாகச் சுழன்று சுழன்று சண்டை போடுகிறாள். இத்தனை நாள் தனியாகப் போராடியவளுக்கு, மடோகா துணைக்கு வருகிறேன் என்றதும் அவ்வளவு சந்தோஷம். எதிரே கேக்கும் மிட்டாயும் நிறைந்த இடத்தில் ஒரு சின்ன பொம்மை. அதன் வாயிலிருந்து பெரிய புழு போல ஏதோ ஒன்று நீண்டு வருகிறது. கண் மூடித் திறப்பதற்குள் மாமி இல்லை.

கீரைக்காம்பு கையிலேயே நின்றுவிட்டது. மகள் டிவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நான்தான் “அடுத்ததைப் போடு” என்றேன்.

போகப் போகத்தான் உண்மையான பயம் வந்தது. ஒப்பந்தம் போட்டவுடனேயே அந்தப் பெண்களின் உயிர் உடம்பை விட்டு ஒரு சிறிய கல்லுக்குள் போய்விடுகிறது. மனம் உடைய உடைய கல் கறுக்கிறது. முழுவதும் கறுத்தால், அவளே சூனியக்காரி ஆகிவிடுகிறாள். சயாகா என்ற பெண், தான் விரும்பிய பையனின் கை குணமாகி அவன் மறுபடி வயலின் வாசிக்க வேண்டும் என்று கேட்டவள். அவளுக்கும் அதுதான் கதி. இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையே என்கிறது க்யூபே. அது பொய் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது இன்னொன்று. மடோகாவின் அம்மா ஆபீஸ் போகிறவள். அப்பா வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார். காலையில் அம்மாவும் மகளும் கண்ணாடி முன் பல் தேய்த்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். அவ்வளவு நெருக்கம். ஆனாலும் மகள் எதற்குள் சிக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

பதினோராவது பகுதியில் பெரும்புயல். எல்லோரும் பாதுகாப்பு முகாமில் இருக்க, மடோகா வெளியே கிளம்புகிறாள். அம்மா தடுக்கிறாள், கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். பிறகு, யாராவது உன்னை ஏமாற்றவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டு, மகளை நம்பி அனுப்புகிறாள். 2011 மார்ச்சில் ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கியதால், தொடரின் கடைசிப் பகுதிகள் ஏப்ரலுக்குத் தள்ளிப்போயின. முகாமில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தக் குடும்பங்களை அப்போது அங்கே எப்படிப் பார்த்திருப்பார்களோ!

அந்தக் காட்சி முடிந்ததும் மகள் டிவியை நிறுத்தினாள்.

“அம்மா... கேம்ல ஒருத்தர் எனக்கு ஃப்ரெண்ட். ரெண்டு மாசமா பேசுறார். நல்லாத்தான் பேசுறார். இப்ப போன் நம்பர் கேக்குறார். வீட்ல சொல்லாதேங்கிறார்.”

கை ஓங்கத்தான் தோன்றியது. ஆனால், ‘மூணு எபிசோட் பாரு’ என்று ஏன் அத்தனை கெஞ்சினாள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சொல்ல வாய் வராமல், ஒரு கதையைத் தூது அனுப்பியிருக்கிறாள்.

“நம்பர் கொடுத்தியா?”

“இல்லம்மா.”

அன்று இரவு மூவருமாக உட்கார்ந்து அந்த ஆளைப் பிளாக் செய்தோம், புகாரும் பதிவு செய்தோம். போனை நான் பிடுங்கி வைக்கவில்லை. பிடுங்கினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

இப்போதெல்லாம் காலையில் பல் தேய்க்கும்போது கேட்கிறேன்: “என்னடி, க்யூபே யாராவது வந்தாங்களா?”

“வரலம்மா” என்பாள், வாயில் நுரையோடு.

சில நாள் அந்தப் பதில் வர ஒரு நொடி தாமதமாகும். அந்த ஒரு நொடி நான் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.