மூக்கன் துரையும் வெள்ள மூக்கனும்

லண்டன் பள்ளிக்கூடங்களுக்கு ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரம். அங்கே அது கம்பளிச் சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பருவம். பேச்சிப்பாறையிலோ பங்குனி முடிந்து சித்திரை பிறக்கப்போகிற வெயில். அந்த இரண்டு வாரத்துக்காக ஒன்பது வயதுப் பேரன், அப்பா அம்மாவோடு பாட்டா வீட்டில் வந்து இறங்கினான். நாஞ்சில் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாட்டா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்தவர். பாட்டி காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. "தனியா என்ன செய்யப் போறீங்க? விசிட் விசா எடுத்தா ஆறு மாசம் எங்ககூட இருக்கலாம்" என்று மகன் போனில் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாஸ்போர்ட் எடுத்து மூன்று வருஷமாகிவிட்டது. ஒரு முத்திரைகூட விழாமல் அலமாரியில் பாட்டியின் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. பாட்டாவிடம் இருப்பது ஒரே பதில்தான்: "அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?"

வந்த முதல் நாளே வம்பு. வெயிலுக்குப் பயந்து அம்மா அவன் முகத்தில் சன் கிரீமை அள்ளிப் பூசியிருந்தாள். மற்ற இடமெல்லாம் வியர்வையில் வழிந்துவிட, மூக்கில் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றது. அடுத்த வீட்டு அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏ, யாரு இது... வெள்ள மூக்கனா?" என்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் டீக்கடை வரை போய்விட்டது.

பெயருக்கு அர்த்தம் தெரிந்ததும் பேரனுக்கு அழுகை. "ஐ வான்ட் டு கோ ஹோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். மகனுக்கு முகம் சுருங்கியது. பாட்டா மட்டும் சிரித்தார்.

"அழாத மக்ளே. நாளைக்கு உனக்கு இன்னொரு மூக்கனைக் காட்டுதேன்."

மறுநாள் விடியற்காலையில் இருவரும் கிளம்பினார்கள். கோடையில் இந்த ஊரில் எந்த வேலையையும் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வழியெல்லாம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து முடித்து, பளபளவென்று புதுத் துளிர் விட்டிருந்தன. மரங்களுக்கு நடுவே தேன்பெட்டிகள். "பூவே இல்லையே, தேன் எங்கிருந்து வருது?" என்றான் பேரன். பாட்டா ஒரு துளிரைத் தாழ்த்திக் காட்டினார். ரப்பர் மரத்தில் இலைக்காம்பின் நுனியில்தான் தேன் சுரக்கும். தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு போகும்.

இந்தப் பெட்டித் தேன் வளர்ப்பை மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் வெளியூர்க்காரர்தான். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக வந்த அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச். இன்று மார்த்தாண்டம் தேன் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும்.

"உங்க லண்டன்ல படிச்ச டாக்டர் ஒருத்தரும் நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு" என்றார் பாட்டா. சோமர்வெல்லைத்தான் சொன்னார். 1922-இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்தவர், அது முடிந்ததும் ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே இறங்கினார். நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். பேரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "எவரெஸ்ட்டை விட்டுட்டு நெய்யூரா?" என்றான். "விடல்ல மக்ளே. 1924-ல மறுபடியும் போய் ஏறிட்டுத் திரும்பவும் இங்கதான் வந்தாரு."

அணை வந்துவிட்டது. மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆனால் கீழே கால்வாயில் தண்ணீர் இல்லை. ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை பாசனத்துக்குத் திறந்துவிடுவது இந்த அணையின் வழக்கம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் இந்தத் தண்ணீர்தான். கோடையில் கால்வாய்க்கும் விடுமுறை.

அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கல்லறை முன்னால் பாட்டா நின்றார். "இவருதான் மூக்கன் துரை."

நிஜப்பெயர் அலெக்சாண்டர் மிஞ்சின். ஆங்கிலேய இஞ்சினீயர். இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. மூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1897-இல் கோதையாற்றின் குறுக்கே வேலை தொடங்கி, 1906-இல் அணை எழுந்தது. கட்டியவர் இவர். 1913-இல் இறந்தபோது இங்கேயே அடக்கம் செய்தார்கள். மூக்கு நீளம் என்பதால் ஊர் வைத்த பெயர் மூக்கன் துரை என்பார் பாட்டா. மிஞ்சின் யார் என்று கேட்டால் இன்றும் பலர் விழிப்பார்கள். மூக்கன் துரை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேரன் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்க ஆரம்பித்தான்.

"ஈஸ்டர் லீவுக்கு அவர் வீட்டுக்குப் போவாரா?"

"எங்க போக? அப்ப கப்பல்தான். போய்ச் சேரதுக்கே மூணு வாரம் ஆகும்."

"அப்போ இந்த வெயில்ல என்ன செய்வார்?"

"நம்மள மாதிரிதான். காலையில வேலை, மத்தியானம் நிழல், சாயங்காலம் மழை."

"இந்த ஊர்ல அவருக்கு யாரைத் தெரியும்?"

பாட்டா உடனே பதில் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கல்லறை மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டார்.

"வரும்போது யாரையும் தெரியாது மக்ளே. பேரு வச்ச பிறகு எல்லாருக்கும் அவரைத் தெரிஞ்சு போச்சு."

அன்றிலிருந்து யாராவது வெள்ள மூக்கன் என்று கூப்பிட்டால் பேரன் கை ஆட்டினான். பத்து நாளில் ஊர்க் கோடையின் பாடங்கள் முழுவதும் தேறிவிட்டான். மரச்சீனிக் கிழங்கை சாளைக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டான். சக்கை அறுக்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும் என்று தன் அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தான். காலையில் அக்கானி குடித்தான். அதுதான் பதநீர் என்று அப்பா விளக்கியதும், "இல்லை, அக்கானி" என்று திருத்தினான். மத்தியானம் சிமெண்டுத் தரையில் பாட்டாவோடு வெறும் உடம்பாகப் படுத்துத் தூங்கினான். நாலு மணிக்கு மலை மேல் மேகம் இறங்கி, இடி இடித்து மழை கொட்டினால் முற்றத்துக்கு ஓடினான். மூக்குத் தோல் ஒருமுறை உரிந்து புதுத் தோல் வந்தது. சன் கிரீம் பாதிக்கு மேல் மிச்சம்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பாட்டா மெதுவாகக் கேட்டார். "மக்ளே, நான் லண்டனுக்கு வந்தா எனக்கு அங்க என்ன பேரு வைப்பாங்க?"

பேரன் பாட்டாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பெரிய மூக்கு இல்லை. மடித்துக் கட்டிய கட்டம் போட்ட சாரம் கண்ணில் பட்டது.

"மிஸ்டர் சாரம்!" என்றான்.

பாட்டா வாய்விட்டுச் சிரித்தார். பாட்டி போன பிறகு அவர் இப்படிச் சிரித்து மகன் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகன் பக்கம் திரும்பி, "அங்க ஜூன் மாசத்துல சாரம் உடுத்தா குளிருமாடே?" என்று கேட்டார். மகன் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனான். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய மறுநாள், அடுத்த வீட்டு அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வெள்ள மூக்கன் இனி எப்ப வருவான்?"

"இந்தத் தடவை நான்தான் போறேன்" என்றார் பாட்டா.

"எப்ப?"

"ஜூன் ஒண்ணாந்தேதி அணையில தண்ணி திறப்பாங்கல்லா? அதைப் பாத்துட்டு."