குறிஞ்சி பூத்த சரிவில்

ஐந்திணை பயிலாத தமிழ் மாணவர் இலர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று வாய் மணக்கச் சொல்கிறோம். நிலத்திற்கு மலரின் பெயரையே சூட்டிய முன்னோரின் நுண்மாண் நுழைபுலத்தை மேடைதோறும் வியக்கிறோம். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியுள்ளார் என்பதும் தேர்வில் தவறாது இடம்பெறும் செய்தி. ஆயினும் குறிஞ்சி மலரைக் கண்ணாற் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? காரமடையில் வாழும் எங்களுக்கு வீட்டு வாயிலிலிருந்து வடக்கே நோக்கினால் நீலமலை மதிலென நிற்கும். அம்மதிலின் பின்னே பூக்கும் மலரை நாங்கள் உரைநூல்களில் மட்டுமே அறிந்திருந்தோம்.

இதற்கு நாங்கள் மட்டுமே காரணமல்லர். மலரின் இயல்பும் காரணம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது. மூன்றாண்டு இளங்கலை பயிலும் மாணவனுக்கு அப்பூக்காலம் வாய்ப்பது அரிது. ஆசிரியர்க்கும் பணிக்காலத்தில் இரண்டு அல்லது மூன்று முறைதான் வாய்க்கும். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மூணாற்றுப் பகுதி பூத்தது. 2018-இல் காணச் செல்ல எண்ணியிருந்தோர் பலரை அவ்வாண்டு ஆகஸ்டில் கேரளத்தைச் சூறையாடிய பெருவெள்ளம் தடுத்துவிட்டது. எங்கள் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் அவருள் ஒருவர். முப்பதாண்டுக் காலம் குறிஞ்சித்திணை நடத்தியவர் அவர்.

2024 செப்டம்பரில் உதகைக்கு வடக்கே எப்பநாட்டை அடுத்த பிக்கபத்தி மந்துப் பகுதிச் சரிவுகளில் குறிஞ்சி பூத்திருப்பதாக நாளிதழ்கள் எழுதின. எல்லா மலைகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஒவ்வொரு சரிவுக்கும் அதனதன் கணக்கு உண்டு. அக்கணக்கின்படி இச்சரிவு அடுத்துப் பூப்பது 2036-இல். பேராசிரியருக்கு அப்போது அகவை 76. “இந்த முறை விட்டால் எனக்கு அடுத்த முறை கிடையாது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பிற்கு எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. மலையேற மூட்டுவலி இடந்தராது என அவர் இல்லத்தார் தடுத்தனர். ஒரு வாரம் பேசி இசைவு பெற்றோம்.

அவ்வாண்டு மே மாதம் முதல் உதகை செல்லும் வாகனங்களுக்கு மின்னிசைவுச் சீட்டு வேண்டும் என்னும் நடைமுறை வந்திருந்தது. அதனைப் பெற்றுக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வைகறையில் வேனில் புறப்பட்டோம். விடுமுறை நாள்களைத் தவிர்த்தது கூட்டத்திற்கு அஞ்சியே. ஆசிரியர் மூவர், மாணவர் எண்மர், பேராசிரியர், அவர்தம் நண்பரான கறிவேப்பிலை வணிகர் ஒருவர் என்று எங்கள் குழு அமைந்தது. காரமடையின் கறிவேப்பிலை எந்தெந்த ஊர்ச் சமையலறைக்கெல்லாம் போகிறது என்று மேட்டுப்பாளையம் வரை அப்பெரியவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

கோத்தகிரி வழியே ஏறினோம். 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் சான் சல்லிவன் மலையேறிக் கோத்தகிரிப் பகுதியை அடைந்த செய்தியை மாணவர்க்கு நினைவூட்டினோம். அந்நாளில் நீலகிரி, கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1868-இல்தான் தனியே பிரிந்தது. சல்லிவன் கண்டவை புல்வெளிகளும், மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக்காடுகளும். நாங்கள் கண்டவை தேயிலைத் தோட்டங்களும் கற்பூர மரங்களும் சீகை மரங்களும். மலைக்கு நீலம் என்னும் பெயர் குறிஞ்சியால் வந்தது என்பர் பலர். இன்றோ ‘நீலகிரி’ என்றால் சமவெளி மக்களுக்கு நினைவில் எழுவது தைலப் புட்டி. ஆத்திரேலியாவிலிருந்து வந்த மரம், தான் இடம்பிடித்த நிலத்தின் பெயரையும் தனதாக்கிக்கொண்டது. மரத்தின்மீது எமக்குப் பகையில்லை. அதன் தைலத்தைத் தலைவலிக்குத் தடவிக்கொண்டே இதனைக் கூறுகிறோம்!

எப்பநாடு தாண்டிச் சாலை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தோம். பேராசிரியரை மாணவர் இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். முதற் பார்வையில் எங்களுக்குச் சிறிது ஏமாற்றமே. படங்களில் காணும் அடர்நீலம் அங்கில்லை. மேகநிழல் விழுந்த புல்வெளி போன்று சரிவு மங்கலாகத் தோன்றியது. அருகே செல்லச் செல்ல அந்நிழல் பூவாயிற்று. முழங்கால் அளவுப் புதர்கள். கணுத்தோறும் மணி போன்ற பூக்கள். புதியவை வெளிர்நீலம், மூத்தவை ஊதா கலந்தவை. ஒரே கிளையில் இருநிறமும் கண்டோம். மணம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆனால் தேனீக்களின் இரைச்சல் சரிவு முழுதும் சீராக ஒலித்தது. குறிஞ்சிப் பூவையும் பெருந்தேனையும் இணைத்துப் பாடிய குறுந்தொகைப் புலவர் கேட்டதும் இவ்விரைச்சலைத்தான் என்று எண்ணிக்கொண்டோம்.

அங்கு நின்ற வனக்காவலர் பணிவாகவே தடுத்தார். “ஏனுங்க ஐயா, பாதைய விட்டு எறங்காதீங்க. பூவைப் பறிக்கக்கூடாதுங்க.” மாணவி ஒருத்தி துறையின் காட்சிப் பேழைக்காக ஒரே ஒரு கொத்துக் கேட்டாள். “போன வாரம் வந்தவங்களும் ஒண்ணே ஒண்ணுன்னுதான் கேட்டாங்கம்மா” என்று மிதிபட்டுக் கிடந்த ஒரு திட்டைக் காட்டினார். அதன்மேல் அவள் கேட்கவில்லை.

அவர் கண்டிப்பில் பொருளுண்டு. இச்செடி ஒருமுறை பூத்துக் காய்த்தவுடன் இறந்துபடுவது. 12 ஆண்டு சேர்த்த வலிமையனைத்தும் ஒரு பூக்காலத்திற்கே. விதை விழுந்து, அடுத்த மழையில் முளைத்தால்தான் தொடர்ச்சி. எல்லாச் செடிகளும் ஏன் ஒருங்கே பூக்கின்றன என்பதற்கு அறிஞர் கூறும் விளக்கம் சுவையானது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதைத்தால் பூச்சியும் பறவையும் முற்றும் தின்றுவிடும். ஒரே ஆண்டில் அளவின்றி விதைத்தால் தின்றது போக எஞ்சும். மூங்கிலும் இவ்வழியினதே. எனவே பறித்த கொத்து ஒன்றானாலும் அது அடுத்த ஆண்டு ஈடு செய்யப்படாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் இதனை அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்துள்ளது. பூவைவிட அது நிற்கும் புல்வெளி குறைந்ததே முதற்காரணம்.

இதனை விளக்கக் கேட்ட கறிவேப்பிலைப் பெரியவர், “பன்னெண்டு வருசத்துக்கு ஒரு வெள்ளாமை, அப்புறம் செடியே செத்துப்போகும்னா எந்த வெவசாயி ஒத்துக்குவானுங்க?” என்றார். எல்லோரும் நகைத்தோம். அவரே சற்று நேரம் பள்ளத்தை நோக்கி நின்று, “இந்தத் தண்ணி எங்கே போகுதுங்க?” என்று காவலரை வினவினார். கீழே மாயாறு, அது பவானிசாகரில் பவானியோடு கலக்கும். புல்வெளி மழையைப் பஞ்சென உறிஞ்சி மெல்ல விடுவதால்தான் மலையோடைகள் கோடையிலும் ஊறுகின்றன. காரமடையில் நாம் பருகுவதும் பவானி நீரே. பெரியவர் அதன்பின் வெள்ளாமைக் கணக்குப் பேசவில்லை.

பெயர் பற்றியும் ஒரு சொல். இம்மலரின் அறிவியற் பெயரில் உள்ள ‘குந்தியானா’ என்பது அமைதிப் பள்ளத்தாக்கின் குந்தியாற்றைக் குறிக்கும் எனப் பலரும் எழுதுகின்றனர். கார்ல் குந்த் என்னும் செருமானியத் தாவரவியலாரின் பெயரே அதில் உள்ளது. பெயர்க்காரணம் புனைவதில் தமிழர் மட்டும் வல்லவர் அல்லர் போலும்!

பேராசிரியர் பாதையோரத்தில் ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தார். கைக்கெட்டும் தொலைவில் ஒரு புதர். அவர் தொடவில்லை. திணை இலக்கணம் ஏதேனும் கூறுவார் என மாணவர் சூழ்ந்து நின்றனர். நெடுநேரம் கழித்து, “இதன் தண்டு கருப்பாகத்தான் இருக்கிறது, பாட்டிலும் அப்படியே. பாடியவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. இறங்கும்போது மூட்டுவலி மிகுந்தது. மாணவர் அவரைத் தூக்கியே வந்தனர்.

2025 சூலையில் எங்களுள் நால்வர் மீண்டும் அச்சரிவிற்குச் சென்றோம். இம்முறை கூட்டமில்லை, காவலரும் இல்லை. நின்றவை காய்ந்து கறுத்த குச்சிகள். குனிந்து நோக்கியபோது ஈரமண்ணில் குச்சிகளின் அடியில் விரல்நக அளவில் இரண்டிரண்டு இலைகளோடு நாற்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. ஒரு மாணவன் அதனைக் கைப்பேசியில் படமெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினான். “எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா?” என மறுமொழி வந்தது. ஒரு சாண் அகலத்தில் 41 என எண்ணி எழுதினோம்.