உறங்கும் மல்லிகை

ஆண்டுவிழா மலரில் ஒரு மலரைப் பற்றியே எழுதுவது பொருத்தமாயிருக்கும் என்றெண்ணி, எங்கள் இல்லத்து மல்லிகைச் செடியின் வரலாற்றைப் பெற்றோர்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் கூற விழைகின்றோம்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பூவும் மரமும் கொண்டு நிலத்திற்குப் பெயரிட்டவர் நம் முன்னோர். ஒவ்வொரு செடிக்கும் உரிய மண்ணும் உரிய பொழுதும் உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை. அதனை நாங்கள் ஏட்டில் படித்திருந்தோம். ஆயினும், இரு செடிகளைச் சாகவிட்ட பின்னரே உணர்ந்தோம்.

தாமுவேயில் எங்கள் வீட்டு முற்றத்தில் அன்னையார் மல்லிகை வளர்த்து வந்தார். பர்மியர் 'சபே' என்றழைத்து, யாங்கோன் வீதிகளில் சரமாக விற்கும் அதே மலர்தான். இங்கு மே முதல் அக்டோபர் வரை மழை பொழியும். சனவரி மாதத்து விடியலிலும் வெப்பநிலை பொதுவாக 18 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆகவே, குளிர் என்பது என்னவென்று அச்செடியும் அறியாது, நாங்களும் அறியோம்.

2004ஆம் ஆண்டில் பணி நிமித்தம் நாங்கள் பியின் ஊ லுவின் நகருக்குக் குடிபெயர்ந்தோம். நம் மூத்தோர் நாவில் இன்றும் அது மேமியோதான். மாந்தளைக்குக் கிழக்கே, ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த மலையூர் அது. புறப்படுகையில் அன்னையார் தம் செடியிலிருந்து பதியன் போட்டு வேர்விடச் செய்த மூன்று கன்றுகளைத் தொட்டிகளில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கியது. மல்லிகை இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. செடி வாடுகின்றதே என்று மனம் பதைத்து, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். கடலைப் பிண்ணாக்கும் கரைத்து ஊற்றினோம். ஒரு மாதத்திற்குள் இரண்டு கன்றுகள் வேரழுகி மாண்டன. மூன்றாவது தொட்டி சமையற்கட்டின் பின்சுவரோரம் எங்கள் கவனத்திற்குத் தப்பிக் கிடந்தது. அதுவும் இலையின்றிக் குச்சியாய் நின்றது.

அழாக்குறையாகத் தாமுவேக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். அன்னையார் சினக்கவில்லை. "தூங்குகிற பிள்ளையை எழுப்பியா சோறூட்டுவீர்கள்? நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அதைச் சும்மா விடுங்கள்" என்றார்.

கீறிப் பார்த்தோம். பட்டையின் கீழே பச்சை இருந்தது.

அதன் பின்னரே காரணத்தைக் கற்றோம். குளிரில் மல்லிகையின் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. வேர் நீரை உறிஞ்சுவது மிகக் குறைகின்றது. அப்போது வார்க்கும் நீர் மண்ணிலேயே தங்கி, காற்றை வெளியேற்றி, வேரை அழுகச் செய்கின்றது. எங்கள் கன்றுகளைக் கொன்றது குளிர் மட்டுமன்று. தாமுவேயில் நன்மை செய்ததை மேமியோவிலும் ஓயாது செய்த எங்கள் அன்புமாகும்.

மறு ஆண்டு முதல் முறையை மாற்றினோம். தொட்டி மண்ணில் மணலை மிகுதியாகக் கலந்தோம். தென்திசை நோக்கிய செங்கற்சுவரை ஒட்டித் தொட்டியை வைத்தோம். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அச்சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் வெம்மையை மெல்ல வெளிவிடும். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே சிறிது நீர் விட்டோம். உரத்தை அறவே நிறுத்தினோம். வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவுகளில்தான் உறைபனிக்கு அஞ்ச வேண்டும் என்றறிந்து, அவ்விரவுகளில் செம்பருத்தித் தொட்டியையும் மல்லிகையையும் சாக்கினால் மூடி, வெயிலேறியதும் திறந்தோம். குளிர் சிறிதும் தாங்காத கனகாம்பரத்தின் விதைகளை மட்டும் சேமித்து, வெப்பம் திரும்பியதும் விதைத்தோம். மாசி இறுதியில் மல்லிகையைக் கவாத்துச் செய்தோம். புதுத் தளிரின் நுனியில்தான் மல்லிகை அரும்பு கட்டும். சித்திரையில் முதல் அரும்புகளைக் கண்டோம்.

2008 மே மாதம் 2ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் வரை நர்கிசுப் புயல் யாங்கோனைச் சூறையாடியது. தாமுவே வீட்டருகே நின்ற பெருமரம் முற்றத்தில் சாய்ந்தது. அன்னையார் உயிர் தப்பினார்; அவருடைய மல்லிகை தப்பவில்லை. உரிய மண்ணில் நின்ற தாய்ச்செடி அழிந்தது; குளிர் மலையில் குச்சியாய் நின்ற கன்றே எஞ்சியது. 2010இல் நாங்கள் திரும்பியபோது அதன் பதியனைக் கொணர்ந்து அன்னையார் கையில் கொடுத்தோம். அவர் முதலில் செய்தது, நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்ததுதான்.

அன்னையார் இன்று இல்லை. செடி முற்றத்தில் பூக்கின்றது.

வீட்டில் நாம் தமிழில் கேட்க, நம் பிள்ளைகளிற் சிலர் பர்மிய மொழியில் விடையிறுக்கின்றனர். தமிழ் பட்டுவிட்டதோ என்றஞ்சிக் கடிந்துரைக்கின்றோம். அல்லது ஒரே நாளில் பாடங்களைக் கொட்டுகின்றோம். பெற்றோரே, சற்றுக் கீறிப் பாருங்கள். பாட்டி "சாப்பிட வா" என்றதும் எழுந்து வரும் பிள்ளையின் உள்ளே பச்சை இருக்கின்றது. நீரை மட்டுப்படுத்தலாம், சுவரின் வெம்மையை மட்டும் விலக்கலாகாது. தமிழ் பேசும் வீடே அச்சுவர்.

இம்மழைக்காலத்தில் எங்கள் மல்லிகையில் சில பதியன்கள் வேர்விட்டுள்ளன. வளர்க்க விரும்பும் மாணவர்க்கு மகிழ்வுடன் தருவோம். வாங்கிச் செல்வோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: அது உறங்கும்போது பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.