ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்தாயிரம் ரூபாய்!

“பத்தாயிரத்துக்கு கேமிங் பி.சி-யா? கேபினெட்டுக்குள்ள கலர் கலரா லைட்டு வேணா எரியும் சிஸ்டர்!”

2025 ஜூலையில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஏறிய முதல் கடையில் கிடைத்த ஆசீர்வாதம் இது. அதைக்கூட என்னைப் பார்த்துச் சொல்லவில்லை அந்த அண்ணன். துணைக்கு வந்திருந்த மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பனைப் பார்த்துச் சொன்னார். அவனுக்கோ ராமுக்கும் ரோமுக்கும் வித்தியாசம் தெரியாது. “ஆமாங்ணா” என்று தலையாட்டி வைத்தான், துரோகி!

சனிக்கிழமை காலை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும்... அப்புறம் கால் தானாகவே கூட்டத்தோடு போகும். பேர்தான் ரிச்சி ஸ்ட்ரீட். உண்மையில் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சென்னைவாசிகள் அப்படிச் சொல்கிறார்கள். மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீஸ்களுக்குப் பேர் போனது. அந்தப் பக்கம் படப்பெட்டி, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பெட்டி! ரேடியோ உதிரிபாகம் விற்க ஆரம்பித்து, டி.வி-க்கு மாறி, கம்ப்யூட்டருக்கு வந்து, இன்றைக்கு சி.சி.டி.வி. கேமரா வரைக்கும் வந்து நிற்கிறது தெரு. ஆனால், பழசு எதையும் விட்டுவிடவில்லை. ரெசிஸ்டரை எண்ணி எண்ணிப் பொட்டலம் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கையில் லிஸ்ட்டோடு, முகத்தில் புராஜெக்ட் பயத்தோடு வரும் நம்ம இன்ஜினீயரிங் ஜனங்கள்தான் அங்கே நிரந்தர கஸ்டமர்கள்.

ஒரு பைக்கில் மூன்று மானிட்டர்களை அடுக்கி, நாலாவதாகத் தானும் உட்கார்ந்து போகிறார் ஒருத்தர். சால்டரிங் வாசனையும் சமோசா எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. “சார் என்ன வேணும்? மேடம் என்ன பாக்குறீங்க? லேப்டாப் சர்வீஸா?” - பத்தடிக்கு ஒரு வரவேற்பு. பதில் சொன்னால் மாட்டினோம்!

சரி, மேட்டருக்கு வருவோம். என் பேஷன்ட்டின் ஜாதகம் இது. 2014-ல் அண்ணனுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த அசெம்பிள்டு சிஸ்டம். ஐ5 4460 பிராசஸர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், 2 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள 18.5 இன்ச் மானிட்டர். அண்ணன் வேலைக்குப் போனதும் எனக்குச் சீதனமாக வந்தது. பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தாலும் விண்டோஸ் வந்திருக்காது. ஜி.டி.ஏ. ஃபைவ் போட்டால் ரோடு வருவதற்கு முன்னால் கார் வந்துவிடும்.

பத்தாயிரம் என்பது, ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக் குட்டிப் பிசாசுகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு. தப்பான பொருளில் போட்டால் இன்னொரு வருஷம் அதே பிசாசுகள்!

இரண்டாவது கடையில்தான் விழ இருந்தேன். “ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 4 ஜி.பி., யூஸ்டு பீஸ். 2,800 ரூபா. உங்க மானிட்டருக்கு நேரா மாட்டலாம், வி.ஜி.ஏ. போர்ட்டே இருக்கு பாருங்க!” என்றார். விலையும் கம்மி, மானிட்டரும் பிரச்னை இல்லை. கை தானாக பர்ஸுக்குப் போய்விட்டது. 500 ரூபாய் அட்வான்ஸையும் நீட்டிவிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டியது. 2016-ல் வந்த 1050 டி.ஐ-யின் சிப், வி.ஜி.ஏ-வுக்குத் தேவையான அனலாக் சிக்னலையே தராது. அப்புறம் எப்படி அந்த நீலக் கலர் போர்ட் அங்கே வந்தது?

“அண்ணா, ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க” என்று பென் டிரைவை எடுத்தேன். அதில் ஜி.பி.யூ-இஸட் என்ற இலவச சாஃப்ட்வேர் இருந்தது. அவர் மாட்டுவதற்குள் நாலு தடவை பெருமூச்சு விட்டார். ஓப்பன் செய்ததும், கார்டின் பெயருக்கு முன்னாலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஃபேக்’! 2011-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. மாதிரியான கிழங்களின் பயாஸை மாற்றி எழுதி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பழைய டெக்னிக். விண்டோஸை ஏமாற்றலாம். இந்த சாஃப்ட்வேர் உள்ளே இருக்கும் சிப்பையே பார்ப்பதால் குட்டு உடைந்துவிடும்.

“அது சாஃப்ட்வேர் எரர் சிஸ்டர்...” என்று இழுத்தார். அட்வான்ஸ் திரும்பக் கைக்கு வரக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் நான் கவுன்ட்டரை விட்டு நகரவே இல்லை. நண்பன் மட்டும் வாசலில் நின்று யாருக்கோ போன் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கப்புறம் மனசு விட்டுப்போனது நிஜம். எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஜூஸ் கடைக்காரர்தான், “பழைய பார்ட்ஸா? மாடியில போய்ப் பாரும்மா” என்று ஒரு சந்தைக் காட்டினார்.

ஒருத்தர் ஏறினால் ஒருத்தர் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே, சுவர் முழுக்க மதர்போர்டு. நடுவில் வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தே கேட்டார். “போர்டு என்னம்மா?”

“ஹெச்81 சார்.”

“பவர் சப்ளை?”

“பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். 400 வாட்ஸ்னு எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கும், எழுதியிருக்கும்” என்று சிரித்தார்.

என் மனசில் இருந்தது ஆர்.எக்ஸ். 570. யூஸ்டு மார்க்கெட்டில் மலிவு, வேகமும் நல்ல வேகம். “அது 150 வாட்ஸ் இழுக்கும். உன் எஸ்.எம்.பி.எஸ். டமால்னு போச்சுன்னா போர்டையும் கூட்டிட்டுப் போகும். அதுக்குப் புது எஸ்.எம்.பி.எஸ். வேற வாங்கணும். பாதி கார்டு மைனிங்ல ராத்திரி பகலா ஓடினது வேற” என்றார். 2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங் முடிவுக்கு வந்தபோது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகளின் கதையை, ஏதோ வெள்ள நிவாரணம் வந்த மாதிரி விவரித்தார்.

அவர் எடுத்துக் காட்டியது, ஜி.டி.எக்ஸ். 1650. 75 வாட்ஸ்தான் உச்சம். மதர்போர்டு ஸ்லாட்டே அந்தப் பவரைக் கொடுத்துவிடும், தனி ஒயர் வேண்டாம். (இதே 1650-ல் தனி ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு. உஷார்!) விலை 6,800 என்றார். நான் 5,500. தவணை முறையில் இறங்கி, ஏறி, 6,000-ல் நின்றோம்.

ராம் பற்றிக் கேட்டபோதுதான் பெரியவர் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். “கார்டும் எஸ்.எஸ்.டி-யும் நாளைக்கு நீ புது போர்டு வாங்கினாலும் கூட வரும். டி.டி.ஆர்.3 வராது. அதுல காசைக் கொட்டாதே.” விற்பவர் வாயிலிருந்து இப்படியா? என் போர்டில் இருப்பதே இரண்டு ஸ்லாட்டுதான். 16 ஜி.பி. வேண்டுமென்றால் இரண்டு 8 ஜி.பி. வாங்க வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கினேன், 900 ரூபாய். பழைய 4 ஜி.பி. ஒன்றைக் கழற்றி எடுத்துப் போயிருந்ததால் 200 கழித்துக்கொண்டார். ஆக மொத்தம் 12 ஜி.பி.

512 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி-யை மட்டும் கீழே வேறு கடையில், சீல் உடைக்காத பெட்டியாக, ஜி.எஸ்.டி. பில்லோடு 2,700-க்கு வாங்கினேன். நினைத்துப் பார்த்தால் நல்ல நேரம். அந்த வருஷக் கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை எகிறிவிட்டது.

மேலே பெரியவர் கடையில் இருபது நிமிஷம் ஃபர்மார்க் ஓட்டி கார்டைச் சோதித்தோம். சூடு ஏறி, ஓரிடத்தில் நின்று, அதற்கு மேல் ஏறவில்லை. ஃபேன் சத்தமும் சீராக இருந்தது. சீட்டின் பின்பக்கம் ‘ஒரு மாதம் டெஸ்டிங் வாரன்ட்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹெச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் 300, தெர்மல் பேஸ்ட் 100. மிச்சம் 200 ரூபாயில் ஜூஸுக்கும் சமோசாவுக்கும் மெட்ரோவுக்கும் போக, பர்ஸில் சில்லறைச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாம் மாட்டி ஆன் செய்தால்... கருப்பு ஸ்க்ரீன். பீப்... பீப்... பீப்! அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “எவ்வளவு போச்சு?” என்றார். தைரியமாக ராமைக் கழற்றி, அதன் தங்கக் கலர் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து, ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தினேன். வந்தது உயிர்! விண்டோஸ் இருபதே செகண்டில் வந்து நின்றது. பல் தேய்க்க நேரமில்லை.

ஜி.டி.ஏ. ஃபைவில் இப்போது காருக்கு முன்னால் ரோடு வருகிறது. நெரிசலான இடத்தில் லேசாகத் திக்குகிறது. அது நாலு கோர் ஐ5-இன் மூச்சுத் திணறல். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டும் முடிந்தது. விண்டோஸ் 11 என் பிராசஸரை அதிகாரப்பூர்வமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் பேங்க் விவகாரமெல்லாம் இந்தச் சிஸ்டத்தில் வைத்துக்கொள்வதில்லை, கேம் மட்டும்.

அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7 4770 பழசு 3,000 ரூபாய் என்று பெரியவர் சொல்லியிருந்தார். என் பழைய 750 டி.ஐ-க்கு 1,000 தருவாராம். இன்னும் 2,000... ட்யூஷன் பிசாசுகளுக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது!