‘அதான் சரியாயிடுச்சே... எதுக்கு எழுதணும்?’ - மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஒரு ஜெர்மனி பயணம்

ஜெர்மனியில் மகளுக்குப் பிரசவம். மதுரையைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை பெட்டி கட்டத் தயார். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கேதான் சிக்கல்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருக்கு மெனின்ஜைட்டிஸ் வந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறையில் ஏற்படும் தொற்று. உயிர் பிழைத்தார். ஆனால், இடது காது கேட்காமல் போனது. வலிப்பு வராமல் இருக்க இன்றும் இரண்டு வேளை மாத்திரை.

‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்யப் போனார் மகன். “அதான் சரியாயிடுச்சேம்மா. எழுதினா பாலிசியே தர மாட்டாங்க.”

“அங்க வலிப்பு வந்து விழுந்தா, ஆஸ்பத்திரியில முதல்ல என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னுதான் கேப்பாங்க. அப்பவே எல்லாம் தெரிஞ்சுடும். கிளைம் கிடையாதுன்னு சொல்லிட்டா, அந்த பில்லை உன் தங்கச்சி தலையிலயா கட்டுறது?”

மகன் பயந்ததும் நடந்தது. உண்மையை எழுதியதால் இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் டிஸ்சார்ஜ் சம்மரியையும், பயணம் செய்யலாம் என்ற நரம்பியல் மருத்துவரின் கடிதத்தையும் கேட்டது. பிரீமியம் கூடியது. பழைய நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்குப் பணம் கிடையாது, உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வரை உண்டு என்றார்கள். நோயின் பெயர் பாலிசியில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டச் சொன்னார் அம்மா.

அடுத்து மாத்திரை. பயண நாள்களுக்கும் கூடுதலாகச் சில நாள்களுக்கும் வாங்கி, அட்டையைப் பிரிக்காமல் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்தார். லக்கேஜ் தொலைந்தாலும் ஒருவேளை மாத்திரை தவறக் கூடாதே! ஜெர்மனி நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. எந்த மணிக்கு மாத்திரை போடுவது என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொண்டார்.

விமானத்தில் இடப்பக்க ஜன்னல் சீட். பக்கத்தில் இருப்பவர் பேசுவது வலது காதில் விழுமே! விமான நிலைய அறிவிப்பு காதில் விழாது என்பதால், கேட் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பெரிய நோயிலிருந்து மீண்டு பயணம் கிளம்புபவர் இருந்தால், டிக்கெட்டுக்கு முன்பே காப்பீட்டை விசாரியுங்கள். மறைத்து வாங்கும் பாலிசி விசாவுக்கு உதவலாம், ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிடும்.

அம்மா இப்போது ஜெர்மனியில். பேத்தியை எப்போதும் வலது தோளில்தான் சாய்த்துக்கொள்கிறாராம்.