மூணு வீதம்

பியரைப் பத்தி ஒரு கட்டுரை, அதுவும் ஒரு பொம்பளப் பிள்ளை எழுதுறாளா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை ஒரு சொட்டு பியர் குடித்ததில்லை. அப்புறம் எதுக்கு எழுதுற என்று கேட்டால், எங்க லயத்தில் குடியைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க குடிக்காதவங்கதான். சம்பள நாள் ராத்திரி யார் எத்தனை மணிக்கு எப்படி வருவாங்க, எந்த வீட்டுக் கதவு முதலில் சத்தம் போடும், எந்தப் பிள்ளை அன்னைக்குப் பக்கத்து வீட்டில் படுக்கும், எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.

எங்க ஊர் பொல்பிட்டிய. பெயரைச் சொன்னால் "கரண்டு ஸ்டேஷன் இருக்கிற இடமா?" என்று கேட்பார்கள். ஆமாம், அதேதான். லக்ஷபானத் தண்ணீரில் ஓடுகிற மின்நிலையம். அந்தப் பக்கம் இறங்கினால் கித்துல்கல, இந்தப் பக்கம் ஏறினால் நோர்ட்டன், அதற்கப்பால் ஹட்டன். நான் கலைப்பீடத்தில் படிக்கிறேன், லீவுக்கு மட்டும்தான் வீடு.

என் பெரியம்மா மகன், அண்ணா, போலந்துக்கு வேலைக்குப் போனார். போஸ்னான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்குகிற வேலை. ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு வொயிஸ் அனுப்பினார். "தங்கச்சி, என்கூட வேல செய்யிற பெரியவர் ஒருத்தர் வீட்டுலயே பியர் செய்யிறாரு. எனக்கும் ரெண்டு போத்தல் குடுத்தாரு. பியர் மாதிரியே இல்ல. நம்ம அடுப்படிப் புகை வாசம் அடிக்குது. ரெண்டையும் குடிச்சேன், ஒண்ணும் ஏறல."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். "ஒண்ணும் ஏறல" என்று எங்க தோட்டத்தில் யாராவது சொன்னால் அது புகார். காசு வீணாப் போச்சு என்று அர்த்தம். அண்ணா அதைச் சந்தோஷமாகச் சொன்னார். அது என்ன பியர் என்று தேட ஆரம்பித்தேன்.

அதன் பெயர் க்ரோஜிஸ்கியே. போஸ்னானுக்குத் தென்மேற்கே இருக்கிற க்ரோஜிஸ்க் என்ற சின்ன நகரத்தின் பியர். வழக்கமாக பியர் என்றால் பார்லி. இது முழுக்க முழுக்கக் கோதுமை. கோதுமையை முளைக்கவைத்து, ஓக் மர விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். அந்தப் புகை வாசம்தான் கடைசியில் கிளாஸ் வரைக்கும் வருகிறது. மதுசாரம் 3 வீதம் அளவில்தான், சில நேரம் அதற்கும் குறைவு. நுரையும் குமிழியும் நிறைய, நிறம் வெளிர் மஞ்சள். அதனால் போலந்தின் ஷாம்பெயின் என்று ஒரு செல்லப்பெயரும் உண்டு. ஊர்க் கிணறு வற்றியபோது பெர்னார்ட் என்ற துறவி ஜெபித்துத் தண்ணீரைத் திரும்ப வரவைத்தார், அந்தத் தண்ணீரால்தான் பியருக்கு ருசி என்று ஒரு கதையும் சொல்வார்கள். கிணறும் சாமியாரும் இல்லாத ஊர் எங்கே இருக்கு!

பல நூறு வருஷம் செய்த பியர், 1993ல் நின்றுபோனது. லாபம் இல்லை என்று தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதை விடாமல் பிடித்துக்கொண்டது கம்பனிக்காரர்கள் இல்லை, வீட்டில் பியர் செய்கிற சாதாரண ஆட்கள். பழைய ஊழியர்களிடம் கேட்டார்கள், பழைய பதிவுகளைப் படித்தார்கள், அந்தப் பியருக்கே உரிய ஈஸ்டைத் தேடிப் பிடித்தார்கள், வீட்டுப் பானைகளில் திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார்கள். 2015ல் க்ரோஜிஸ்கிலேயே மறுபடி உற்பத்தி தொடங்கியது.

அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், செய்வதை வீடியோ எடுத்து அனுப்பினார். 20 லீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ புகைக் கோதுமை. அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, சூட்டைப் படிப்படியாக 70 பாகை வரைக்கும் கூட்டுகிறார். அப்போதுதான் மாவுச்சத்து சீனியாக மாறும். கோதுமைக்கு உமி இல்லாததால் வடிகட்டும்போது களியாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு என்ன செய்கிறார் தெரியுமா? நெல் உமியைக் கலக்கிறார்! போலந்தில் ஒரு மனுஷன் பியர் வடிக்க நெல் உமி வாங்குகிறார் என்று சொன்னால் எங்க அப்பாயி சிரித்தே செத்திருக்கும். வடித்த சாற்றை ஹொப்ஸ் பூப்போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு மூடிவைக்கிறார். புளித்து முடிந்ததும் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி. அந்தச் சீனிதான் போத்தலுக்குள்ளேயே காற்றை உண்டாக்கும். கூடிப்போனால் போத்தல் வெடிக்கும். அதனால் கனமான கண்ணாடிப் போத்தல், கிராம் கணக்கில் சீனி.

வீடியோவில் என்னை இழுத்தது பானையோ போத்தலோ இல்லை. மேசையில் கிடந்த ஒரு கொப்பி. அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடிக் குழாயைச் சாற்றில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்கிறார். தொடங்கும்போது ஒரு இலக்கம், முடியும்போது ஒரு இலக்கம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மதுசாரம் எத்தனை வீதம் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் திகதி, சூடு, எடை, என்ன பிழைத்தது, எல்லாம் இருக்கிறது.

எங்க பக்கத்தில் வீட்டில் செய்கிற சாராயத்துக்குப் பெயர் கசிப்பு. அதற்குக் கொப்பி கிடையாது. ராத்திரியில், ஆற்றோரத்தில், யாருக்கும் தெரியாமல் நடக்கிற வேலை. உள்ளே என்ன போட்டார்கள், எத்தனை வீதம் என்று செய்தவருக்கே தெரியாது. குடித்தவருக்கு உடம்பு சொல்லும், சில நேரம் ஆஸ்பத்திரி சொல்லும்.

சட்டம் இந்த ரெண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. 1912ம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது இலங்கையில் குற்றம். 3 வீதப் பியரை நான் பொல்பிட்டியவில் ஒரு பானையில் வைத்தாலும் அதே குற்றம்தான். அதனால் இது செய்முறைக் கட்டுரை இல்லை, யாரும் உமி தேடிப் போகவேண்டாம். வாங்குவதிலும் ஒரு கூத்து உண்டு. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979ல் ஒரு தடை போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவைத் திருப்பிப்போடச் சொன்னார். எனக்குக் குடிக்க ஆசை இல்லை. ஆனால் கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற ஒரு மனுஷிக்கு எது சரி எது பிழை என்று தெரியாது என்று நினைத்து எழுதிய தடை அது. அந்த நினைப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மலையகத்தில் பியர் புதுசு இல்லை. நுவரெலியாவில் 1881லேயே பியர்த் தொழிற்சாலை இருந்தது. குளிரும் அருவித் தண்ணீரும் தொரைமாருக்கு இங்கிலாந்தை ஞாபகப்படுத்தியிருக்கும். ஆனால் அந்தப் பியர் எங்க தாத்தாமாருக்காகக் காய்ச்சப்படவில்லை. அவங்களுக்கு வந்தது சாராயம். 19ம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் போட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்தக் குத்தகையில் எப்படிப் பெரிய பணக்காரக் குடும்பங்கள் உருவாயின என்று குமாரி ஜயவர்தன 'நோபடீஸ் டு சம்பொடீஸ்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். க்ரோஜிஸ்கில் பியர் ஊருடைய சாமான். ஊர்க்காரர்கள் செய்தார்கள், ஊர்க்காரர்கள் குடித்தார்கள், மூடியபோது ஊருக்கு வலித்தது. எங்க பக்கம் குடி என்பது எப்பவும் வேறு யாரோ விற்றது. தவறணை மூடினால் எங்க அம்மாமாருக்கு வலிக்காது, தேங்காய் உடைப்பாங்க.

அண்ணாவும் நானும் போனிலேயே ஒரு கணக்குப் போட்டோம். க்ரோஜிஸ்கியே 500 மில்லிலீட்டர் போத்தலில் சுத்தமான மதுசாரம் 15 மில்லிலீட்டர். 33 வீதச் சாராயம் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீட்டர், அதில் கிட்டத்தட்ட 60. ஒரு கால் போத்தல் சாராயம் என்றால் நாலு போத்தல் புகைப் பியர். கடையில் இருக்கிற 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றிலேயே 55. பெயருக்குத்தான் அது பியர், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல் சாராயம்.

இந்தக் கணக்கைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அம்மாகிட்ட சொன்னேன். லேசான குடி இருந்தால் நம்ம ஆட்கள் இப்படிக் கெட்டுப்போக மாட்டாங்க இல்லையா என்றேன். அம்மா கொழுந்துக் கூடைக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாங்க: "ஒங்கப்பா எத்தன வீதம்னு பாத்தா குடிக்கிறாரு? கையில எவ்ளோ காசு இருக்குனு பாத்துத்தானே குடிக்கிறாரு."

என்னுடைய கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. கையில் இருக்கிற காசுக்கு எது சீக்கிரம் ஏறுமோ அதைத்தான் வாங்குவார்கள். மலையில் பகல் முழுக்க நின்று காலும் இடுப்பும் விட்டுப்போனவருக்கு நாலு போத்தல் லேசான பியரை வாங்கி ஆற அமரக் குடிக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. போலந்துப் பெரியவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பானை பக்கத்தில் நிற்க முடிகிறது. 20 லீட்டர் பானை வைக்க இடம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் அந்தப் பானையை எங்கே வைப்பது? லேசான குடிக்குப் பின்னால் கொஞ்சம் லேசான வாழ்க்கையும் தேவைப்படுது.

மூணு வீதம் என்றால் மருந்து என்றும் யாரும் நினைக்கவேண்டாம். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நான் பியருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கொப்பி. "அளவா குடி" என்று எல்லாரும் சொல்கிறார்கள், கோயில் தலைவர் சொல்கிறார், சங்கத் தலைவர் சொல்கிறார். அளவு எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்க வீடுகளில் குடியைப் பத்தி ரெண்டு விதமாகத்தான் பேச்சு வரும், ஒன்று சண்டை, இல்லாவிட்டால் பகிடி. இலக்கம் போட்டுப் பேசினதே இல்லை.

அந்த லீவில் ஒருநாள் அப்பாவுக்கு அண்ணாவின் வொயிஸைப் போட்டுக் காட்டினேன். அப்பா அன்னைக்குக் குடித்திருக்கவில்லை. "புகை வாசமா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். சின்ன வயசில் அவருடைய தாத்தாகூட பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்குக் காலையிலேயே போவாராம். அங்கே கித்துள் மரத்தில் இறக்கின கள்ளு. "காலையில குடிச்சா இனிப்பா இருக்கும், லேசு. மத்தியானம் வரைக்கும் வச்சா புளிச்சு ஏறும். தாத்தா காலையில ஒரு கோப்பையோட எந்திரிச்சிருவாரு, மலைக்குப் போவணுமே." கித்துல்கல என்ற பெயரிலேயே இருக்கிற மரம். காற்றில் இருக்கிற ஈஸ்டே அந்தச் சாற்றைப் புளிக்கவைக்கும், யாரும் எதுவும் போடவேண்டியதில்லை. லேசான குடி ஒன்று எங்க பக்கத்திலும் இருந்திருக்கிறது, அதற்கு நேரமே அளவாகவும் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா குடிக்காத நேரத்தில் என்னிடம் குடியைப் பத்திப் பேசியது அன்னைக்குத்தான்.

கால் போத்தலுக்கு நாலு போத்தல் என்ற கணக்கையும் சொன்னேன். "நாலா?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அதற்கு அடுத்த சம்பள நாளும் அப்பா குடித்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா சாதாரணமாகக் கேட்டாங்க, "நேத்து எவ்ளோ?"

அப்பா ஒளிக்கவில்லை. "அரைப் போத்தல்."

எட்டு போத்தல் என்று அம்மா என்னைப் பார்த்து விரலைக் காட்டினாங்க.