நெடுந்தீவில் ஒரு பகல்

மகளுக்குக் காஷ்மீர் பார்க்க ஆசை. கிராமத்து வாத்தியார் சம்பளத்துக்கு நெடுந்தீவுதான் எட்டும். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடல். மகள் வாந்தியெடுத்தாள்.

எண்பதுகளில் வாப்பா இந்தக் கடலை மாடு வாங்கத்தான் கடந்தார். இயற்கை எழிலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. உப்புத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வார். அது இன்னும் அப்படியேதான். கோடையில் மனிதருக்கும் தண்ணீர்ப் பாடு, ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று காட்டுகிறார்களே, அவற்றுக்கும்தான்.

சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளைத் தாண்டிப் பெருக்கமரத்தடிக்குப் போனோம். ஆபிரிக்க மரம். ஆசிரியர் கலாசாலையில் படத்தில்தான் பார்த்திருந்தேன். மகள் அடிமரப் பொந்துக்குள் நுழைந்து நின்றாள். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள். எத்தனை நூறு வருடமோ, இப்போது அது நெடுந்தீவு மரம்.

"எந்த ஊர் அண்ணை?" என்றான் ஓட்டோத் தம்பி.

"யாழ்ப்பாணம், சோனகதெரு" என்றேன். 1990 ஒக்ரோபர் 30 அன்று அங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது.

"இல்ல, நாங்க புத்தளம்" என்றாள் மகள், பொந்துக்குள்ளிருந்து.

தம்பி இருவரையும் பார்த்தான். பின்னேரப் படகுக்கு நேரமாச்சு என்று வண்டியைத் திருப்பினான்.